அப்பத்தா கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் விரல்

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். எனக்கு 24 வயது. பள்ளத்தூர் பக்கம் எங்கள் பூர்விக வீட்டில் அப்பத்தாவும் நானும் மட்டும் இருக்கிறோம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் சென்னையில் ஒருவரிடம் மெக்சிகன் ரெட்-நீ (சிவப்பு முழங்கால்) டாரன்டுலா சிலந்தி ஒன்றை வாங்கினேன். பஸ் பார்சலில் வந்தது. ரொம்ப சாது, புதிதாக வளர்க்கிறவர்களுக்கு ஏற்றது என்றார்கள். ஆனால் மூடியைத் திறந்தாலே மிரண்டு ஓடுகிறது, பின்காலால் முதுகைத் தேய்க்கிறது. அந்த இடமே வழுக்கையாகிவிட்டது. போன வாரம் நின்றபடியே கையில் ஏற்றிப் பார்த்தேன். முழங்கை வரை ஓடிவிட்டது, எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்புறம் இரண்டு நாள் விரல் இடுக்கெல்லாம் ஒரே அரிப்பு. அப்பத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். தினமும் நாலு தடவை நான்தான் சொட்டு மருந்து விட வேண்டும். அதனால் பகலில் இதனுடன் பழக நேரம் கிடைப்பதில்லை. அவர் தூங்கியதும் இரவில்தான் முடிகிறது. உள்வீட்டு அறையில் பூட்டி வைத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாது. இதை எப்படிக் கைக்குப் பழக்குவது?

பதில்: தம்பி, நீ என்றே எழுதுகிறேன். என் பேரன் வயது உனக்கு.

வீட்டுக்குத் தெரியாமல் பிராணி வாங்கி வைத்துக்கொண்டு எனக்கு எழுதுகிறவர்கள் வருடத்துக்குப் பத்துப் பேராவது உண்டு. பச்சை ஓணானைப் பரணில் வைத்தவர், மலைப்பாம்புக் குட்டியைத் துணி பீரோவில் வைத்தவர் என்று எல்லோரையும் பார்த்துவிட்டேன். எல்லோரும் கேட்பது ஒன்றே, எப்படிப் பழக்குவது என்று. வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை.

சிலந்தியைப் பற்றிப் பத்து வரி எழுதினாய். அப்பத்தா கண்ணைப் பற்றி, உனக்கு நேரமில்லாததற்குக் காரணம் சொல்கிற மாதிரி, போகிற போக்கில் ஒரு வரி. எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

இரண்டு நாள் விரல் இடுக்கெல்லாம் அரித்தது என்கிறாய். அதே இரண்டு நாளில் அப்பத்தாவுக்கு எட்டுத் தடவை சொட்டு விட்டிருக்கிறாய். எட்டுத் தடவையும் அந்த அரித்த விரலால்தான் அவர் கீழ் இமையை இழுத்துப் பிடித்திருக்கிறாய். இந்தக் கணக்கு உனக்குத் தோன்றவே இல்லையா?

அந்த அரிப்பு எதனால் என்று தெரியுமா? உங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் இருந்தால், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பி நிற்பதைப் பார்த்திருப்பாய். அதன் சுணை பட்டால் என்ன ஆகும் என்று செட்டிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் சிலந்தியிடம் இருப்பதும் சுணைதான். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டாரன்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல்பக்கத்தில் முள் வைத்த நுண்ணிய முடிகள் உண்டு. மிரண்டால் பின்காலால் அதை வழித்து எதிராளி மேல் தூவும். முதுகைத் தேய்க்கிறது என்று நீ எழுதியிருப்பது இதைத்தான். அந்த வழுக்கை நோய் இல்லை. இந்த மூன்று மாதத்தில் நீ அதை எத்தனை தடவை பயமுறுத்தினாய் என்பதற்கு அதன் உடம்பிலேயே இருக்கிற கணக்கு அது.

உதிர்ந்த முடியெல்லாம் எங்கே போயிருக்கும்? டப்பா மூடியின் உள்பக்கம், அடியில் பரப்பிய தேங்காய் நார்த்தூளின் மேல், உன் சட்டைக் கையில், உன் நகக்கண்ணில். கண்ணுக்குத் தெரியாது. துடைத்தால் போகாது. முள் இருப்பதால் தேய்க்கத் தேய்க்க உள்ளேதான் போகும்.

2010இல் லான்செட் மருத்துவ இதழில் ஒருவர் கண்ணைப் பற்றி எழுதியிருந்தார்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரம், 29 வயது. ஒரு கண் மூன்று வாரமாகச் சிவந்து நீர் வடிந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் வந்திருக்கிறார். சொட்டு மருந்துக்குக் கேட்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது கருவிழியில் முடி முடியாகக் குத்தி நின்றிருக்கிறது. அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது: தன் டாரன்டுலாவின் கண்ணாடித் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது முகத்தில் தூவியிருக்கிறது. அந்த முடிகளை மிக நுண்ணிய இடுக்கியாலும் எடுக்க முடியவில்லை. மருந்து விட்டே சமாளித்தார்கள். அது நல்ல கண், இளவட்டத்தின் கண். உன் அப்பத்தா கண் கத்தி பட்டு மூன்று வாரம் ஆன கண்.

அதனால் இன்றைக்கு நீ செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். ஒட்டு டேப்பை விரல்களிலும் உள்ளங்கையிலும் ஒட்டி ஒட்டி எடு. ஏழெட்டுத் தடவை, ஒவ்வொரு தடவையும் புது டேப். பிறகு நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவு. சிலந்தி அறைக்குப் போட்டுப் போன சட்டை, கைலியோடு அப்பத்தா பக்கத்தில் உட்காராதே; அதைத் தனியாகத் துவை. அப்பத்தாவிடம் கண் உறுத்துகிறதா, கூசுகிறதா, பார்வை மங்குகிறதா என்று கேள். ஒன்று இருந்தாலும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அன்றைக்கே கூட்டிப் போ. போனால் சிலந்திச் சுணை பட்டிருக்கலாம் என்று வாய் திறந்து சொல். நீ சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? கண் சிவக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடாதே. ஆபரேஷனுக்குப் பின் தருகிற சொட்டில் பெரும்பாலும் அழற்சியை அடக்கும் மருந்து இருக்கும், சிவப்பு வெளியே தெரியாமலும் போகலாம். சொட்டு மருந்துக் காலம் முடிகிற வரைக்கும் நீ அந்த டப்பாவைத் திறக்க வேண்டாம். தண்ணீர்க் கிண்ணம் வற்றினால் மூடியை விரல்கடை அளவு நகர்த்தி, சிரிஞ்சால் ஊற்றிவிட்டு மூடு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள். ஒரு மாதம் இரை போடாவிட்டாலும் வளர்ந்த டாரன்டுலாவுக்கு ஒன்றும் ஆகாது. அது மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் ஜீவன். அப்பத்தா கண் ஒரு நாள்கூடப் பொறுக்காது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கைக்குப் பழக்க முடியாது. உன் வாசனைக்குப் பழகிவிடும், உன்னைத் தெரிந்துகொள்ளும் என்று விற்றவர் சொல்லியிருந்தால் அது பொய். நாய் கையை நக்குவது வேறு, இது கையில் அசையாமல் உட்காருவது வேறு. எட்டுக் கண் இருந்தும் அதற்குப் பார்வை மங்கல்தான். காலில் இருக்கிற முடிகளால் அதிர்வை வாங்கித்தான் அது உலகத்தை அறிகிறது. மூடி திறந்து சூடான ஒன்று மேலிருந்து வந்தால், தன்னைத் தின்ன வருகிற ஒன்று என்றுதான் அதற்குப் படும். ஓடுகிறது, தூவுகிறது, முன்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இதற்கு மேல் எப்படித்தான் அது உன்னிடம் வேண்டாம் என்று சொல்லும்? அதிலும் அது இரவில் நடமாடும் பிராணி. அது துடியாக இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் நீயும் போய் மூடியைத் திறக்கிறாய்.

நான் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். பல வருடத்துக்கு முன் என்னிடம் படித்த பையன் ஒருவன், தான் வளர்க்கும் டாரன்டுலாவை எனக்குக் காட்ட எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். முகப்பில் நின்றபடியே கையில் ஏற்றினான். உன்னைப் போலத்தான், முழங்கையை நோக்கி ஓடியது, அவன் கையை உதறிவிட்டான். இடுப்பு உயரம்தான். கீழே பூப்போட்ட ஆத்தங்குடி தரைக்கல். பஞ்சு மாதிரி மெத்தென்று விழும் என்று நினைப்போம். நீர் நிரம்பின பலூன் விழுகிற சத்தம் கேட்டது. வயிறு ஓரத்தில் கீறி, லேசான நீலம் கலந்த நிறமற்ற நீர் அந்தச் சிவப்புப் பூவின் மேல் பரவியது. கால்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்க அரைமணிக்கும் மேல் ஆயிற்று. அந்தப் பையன் அத்தனை நேரமும் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். உன் வீட்டிலும் ஆத்தங்குடி கல்தானே? நீயும் நின்றபடிதானே கையில் ஏற்றினாய்?

வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டிய நாள் வரும். அன்றைக்குத் தரையில் உட்கார். கதவு இடுக்கில் துணி வை. அகலமான பிளாஸ்டிக் டம்ளரை அதன் மேல் மெதுவாகக் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகு. டம்ளரோடு மாற்று. நகர மறுத்தால் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் பின்காலைத் தொடு. வயிற்றைத் தொடாதே, ஊதாதே. இரை மிச்சத்தை நீள இடுக்கியால் எடு. இவ்வளவுதான் உனக்கும் அதற்கும் உள்ள கொடுக்கல் வாங்கல். நார்த்தூளை ஆழமாகக் கொட்டி, ஒரு கொட்டாங்கச்சியைப் பாதி புதைத்து ஒளிய இடம் கொடு. தூளுக்கும் மூடிக்கும் நடுவில் உயரம் அதன் கால்விரிவைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம், ஏறி விழுந்துவிடும். அந்த வழுக்கை கருத்துக்கொண்டு வந்தால் சட்டை உரிக்கப் போகிறது. உரிக்கும்போது மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று தொட்டுவிடாதே, புதுத்தோல் இறுகும்வரை இரையும் போடாதே. இன்னொன்று, கொசுவுக்கு மாட்டுகிற லிக்விட் மருந்தும் கொசுவர்த்தியும் பூச்சியைக் கொல்வதற்கென்றே செய்தவை. அந்த அறையில் வேண்டவே வேண்டாம்.

காகிதம் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. இந்தச் சிலந்தி இனம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப்பட்டதை வைத்திருப்பவர் வனத்துறையிடம் பதிவு செய்தாக வேண்டும். 2024இல் அதற்கு விதி வந்து, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு நடக்கிறது. பில் இல்லாமல் பஸ் பார்சலில் வந்தது என்றால், வனத்துறை அலுவலகத்துக்கு நேரே போய் உள்ளதைச் சொல். பயந்துகொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு வந்துவிடாதே. மெக்சிகோ சிலந்திக்கு இங்கே என்ன வேலை?

இப்போது அந்த உள்வீட்டுக்கு வருகிறேன். அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! நடுமுற்றமான வளவைச் சுற்றி அறை அறையாகக் குடும்பங்கள் இருந்த வீடு. எல்லோரும் போய், கடைசியில் மிஞ்சினவர் உன் அப்பத்தா. உள்வீட்டுச் சாவி அவர் இடுப்பில் இருந்ததுதானே? அதை உன் கையில் கொடுத்தார். அவருடைய சீர்ப் பாத்திரமும் பெட்டகமும் இருக்கிற அறை, அவர் வீடு, அவருக்குத் தெரியாமல் அதில் ஒன்றை வைத்துப் பூட்டியிருக்கிறாய். இது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். மூடி சரியாக மூடாமல் ஒரு ராத்திரி அது வெளியே வந்தால்? அதன் கடி ஆளைக் கொல்லாது. ஆனால் அரைக்கண் வெளிச்சத்தில் வளவைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போகிற எழுபதோ எண்பதோ ஆன மனுஷி, காலடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று ஓடினால் பதறி விழுவார். இடுப்பு முறிந்தால் அப்புறம் யார் தூக்குவது? நீ ஒருவன்தானே இருக்கிறாய்.

ஒன்றை நான் ஒத்துக்கொள்கிறேன். உன் வயதுப் பிள்ளைகள் வாரக் கடைசிக்குக்கூட ஊருக்கு வராத காலத்தில், நீ வந்து அப்பத்தாவோடு இருக்கிறாய். நேரம் தவறாமல் நாலு வேளை மருந்து விடுகிறாய். அந்தப் பெரிய வீட்டில் இருட்டினால் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை என்பதும் எனக்குப் புரிகிறது. அதற்காகத்தானே ராத்திரி போய் அந்த டப்பாவின் முன் உட்காருகிறாய்? தம்பி, அந்தச் சிலந்திக்கு உன் கை வேண்டாம். உன் கைக்காக ஒரு நாளைக்கு நாலு தடவை முகத்தை அண்ணாந்து காத்திருக்கிறவர் பட்டாலையில் இருக்கிறார்.

இன்றைக்கே அவரிடம் சொல். மாலைச் சொட்டு விடுவதற்கு முன்னால் சொல், அந்தக் கையை ஏற்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும். "அப்பத்தா, உங்களுக்குத் தெரியாமல் ஒரு எட்டுக்கால் பூச்சி வாங்கி உள்வீட்டில் வைத்திருக்கிறேன். அதன் சுணை என் கையில் பட்டது, அந்தக் கையோடு உங்களுக்கு மருந்து விட்டுவிட்டேன்." இப்படியே சொல், சுற்றி வளைக்காதே. திட்டுவார். நின்று வாங்கிக்கொள். வீட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம். முறையாக வளர்க்கத் தெரிந்தவரை வனத்துறை மூலமே கேள். இருக்கட்டும் என்றால், பெண்ணாக இருந்தால் இருபது வருடத்துக்கு மேலும் இருக்கக்கூடிய உயிர் அது என்பதை நினைவில் வைத்து வளர்.

டாக்டர் அடுத்து எந்தத் தேதிக்கு வரச் சொல்லியிருக்கிறார் என்று நீ எழுதவில்லை. அதை எனக்கு எழுது. அன்றைக்கு என்ன சொன்னார் என்பதையும் எழுது.