எதற்காக வாழ்கிறேன்? – கேள்வி பதில்

பத்தொன்பது வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு வடிவில் இந்தக் கேள்வியைத்தான் கொண்டுவருகிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சில பதில் நீளும், சில ஒரு வரியில் முடியும். கேட்டவரின் புனைபெயரும் கேள்வியும் முதலில், அதன்கீழ் என் பதில்.

தொடங்கும் முன் ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, முன்பு பிடித்தது எதுவுமே பிடிக்காமல் போயிருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோய், ‘வாழ்க்கைக்கு அர்த்தம் இல்லை’ என்ற குரலில்தான் பேசும். அதை ஒரு தத்துவம் என்று நம்பிவிடாதீர்கள்.

பட்டியல்: மேடம், வயது 34. படிப்பு, வேலை, வீடு, கல்யாணம் என்று இருபது வயதில் போட்ட பட்டியல் முழுக்க முடிந்தது. இப்போது காலையில் எழவே காரணம் இல்லை. நன்றி கெட்டவனா நான்?

இல்லை. உங்களுக்கு முன்னால் இதே இடத்தில் நின்றவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். உலகத்தைச் சீர்திருத்துவதுதான் வாழ்வு என்று சிறுவயதிலிருந்தே பயிற்றுவிக்கப்பட்டவர். 1826இல், இருபது வயதில், ஒரு நாள் தன்னையே கேட்டுக்கொண்டார்: ‘நான் விரும்பும் மாற்றமெல்லாம் இந்த நிமிடமே நடந்துவிட்டால் எனக்கு மகிழ்ச்சி கிடைக்குமா?’ உள்ளிருந்து ‘கிடைக்காது’ என்று பதில் வந்தது. அதன்பின் பல மாதம் இருட்டு.

அதிலிருந்து அவரை முதலில் அசைத்தது எந்த வாதமும் இல்லை. ஒருவருடைய நினைவுக் குறிப்புகளைப் படிக்கிறார். தகப்பனை இழந்த சிறுவன், இனி இந்தக் குடும்பத்துக்கு எல்லாமாக நான் இருப்பேன் என்று முடிவெடுக்கும் இடம் வருகிறது. மில் அழுதுவிட்டார். தான் கல்லாகிவிடவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மகிழ்ச்சியை நேராகக் குறிவைத்தால் அது நழுவும், வேறொன்றில் மனம் வைத்துப் போகிறவனுக்கு அது வழியில் கிடைக்கும் என்று பிற்காலத்தில் எழுதினார்.

உங்கள் பட்டியலைப் பாருங்கள். எல்லாமே ஒருமுறை அடைந்தால் முடிந்துவிடுகிறவை. வீடு வாங்குவது முடியும். ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது முடியாது, ஒரு கலையில் தேறுவதும் முடியாது. அடுத்து எழுதுவதை இந்த இரண்டாவது வகையிலிருந்து எடுங்கள். கண்ணில் நீர் வந்த இடம் எது என்று கவனியுங்கள். அது நல்ல தடயம்.

நான்குவட்டம்: இகிகாய் (வாழ்வதற்கான பிடிப்பு என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்) என்ற நான்கு வட்டப் படம் போட்டுப் பார்த்தேன். பிடித்தது, திறமை, உலகின் தேவை, வருமானம் நான்கும் என் விஷயத்தில் ஒரு இடத்தில் சேரவே இல்லை.

சேராது. அந்தப் படம் ஜப்பானில் பிறந்ததும் இல்லை. ஸ்பெயின்காரர் ஒருவர் ‘நோக்கம்’ என்று நடுவில் எழுதி வரைந்த படம் அது. 2014இல் ஒரு வலைப்பதிவர் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு இகிகாய் என்று போட்டார். அவ்வளவுதான் அதன் வரலாறு.

இகிகாயைப் பற்றி ஆழமாக எழுதியவர் மியேகோ கமியா. தொழுநோயாளிகளுக்கான நாகஷிமா காப்பகத்தில் மனநல மருத்துவராக வேலை பார்த்தவர். அவர் நூல் 1966இல் வந்தது. வருமானம் வந்தால்தான் இகிகாய் என்றால், அந்தக் காப்பகத்தில் ஒருவருக்கும் அது இருந்திருக்கவே முடியாது. பிழைப்பு ஒரு பக்கமும் பிடிப்பு இன்னொரு பக்கமும் இருக்கலாம். அது தோல்வி கிடையாது.

இரவுவிளக்கு: அக்கா, நான்கு வருடமாக அப்பா படுக்கையில். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என் வாழ்க்கை இதற்கப்புறம்தான் தொடங்கும் என்று நினைக்கிறேன். நினைக்கும்போதே குற்றவுணர்ச்சி.

தம்பி, உங்களுக்கு விக்டர் ஃப்ராங்கலைச் சொல்கிறேன். வியன்னாவின் மனநல மருத்துவர். 1942இல் நாஜிகள் அவரை வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1945இல் விடுதலையானபோது தந்தை, தாய், சகோதரர், மனைவி யாரும் உயிரோடு இல்லை. அர்த்தத்துக்கு மூன்று வழி உண்டு என்றார் அவர்: நாம் செய்து தருவது, அன்பாலும் அனுபவத்தாலும் நாம் பெறுவது, தவிர்க்க முடியாத துன்பத்தின் முன் நாம் நிற்கும் விதம்.

‘தவிர்க்க முடியாத’ என்ற சொல்லைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தவிர்க்கக்கூடிய துன்பமென்றால் அதை நீக்குவதுதான் அர்த்தமுள்ள காரியம் என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் நோய் தவிர்க்க முடியாதது. நீங்கள் ஒருவராகவே நான்கு வருடம் கண்விழிப்பது தவிர்க்கக்கூடியது. வாரத்துக்கு இரண்டு ராத்திரி இன்னொருவர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள். அந்த நினைப்பு குற்றம் இல்லை, களைப்பு. உங்கள் வாழ்க்கை தொடங்கி ரொம்ப நாளாகிறது.

மாறுதல்: மனசுக்குப் பிடிக்காத வேலை. விட்டுவிட்டு என் நோக்கத்தைத் தேடலாமா?

கையில் ஒன்றும் இல்லாமல் விடாதீர்கள். வேலையைச் சிலர் பிழைப்பாகவும், சிலர் முன்னேறும் படியாகவும், சிலர் தன் அழைப்பாகவும் பார்க்கிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர் ஆமி ரெஸ்னெவ்ஸ்கியும் சகாக்களும் 1997இல் எழுதினார்கள். ஒரே பணியில் இருக்கிறவர்களிடமும் மூன்று வகையும் இருந்தது. வேலையின் பெயர் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. முதலில் அந்த வேலையால் யாருக்கு என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள். பார்த்தும் வெறுமைதான் என்றால் மாறுவதைப் பற்றிப் பேசலாம்.

தேடல்27: இகிகாய் நான்கு வட்டத்தை எப்படி நிரப்புவது?

மேலே சொல்லிவிட்டேன்.

மிதவை: நோக்கம் என்பதே அகங்காரம். ஆற்றோடு போகும் தெப்பம்போல உயிர் போகிறது என்று கணியன் பூங்குன்றனார் சொல்லிவிட்டார். சும்மா இருங்கள்.

ஏர்முனை: இப்படிப் பேசித்தான் ஒரு தலைமுறையே சோம்பேறியாகிறது. முயற்சி இல்லாமல் எது நடந்தது?

இருவரும் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். எனக்கு உயிரான பாட்டு, அதனால் விடமாட்டேன். தெப்பத்துக்கு அடுத்து ‘ஆகலின்’ என்று வருகிறது, ஆகையால் என்று பொருள். ஆகலின் சும்மா இரு என்று அவர் சொல்லவில்லை. பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதைவிடவும் செய்யமாட்டோம் என்கிறார். அளக்கும் கோலைக் கீழே போடச் சொல்கிறார்.

என்னிடம் வருகிறவர்களை வாட்டுவது அந்தக் கோல்தான். நோக்கம் என்றால் பெரிதாக இருக்க வேண்டும், ஊர் அறிய வேண்டும் என்று நினைக்கிறார்கள். தினம் செய்கிற நல்ல காரியம் கண்ணெதிரே இருந்தும் அது கணக்கில் வராது என்று தள்ளிவிடுகிறார்கள்.

மிதவை: அப்படியானால் தேடவே வேண்டாம் என்பதுதானே என் கட்சி?

ஒரு பகுதி உங்கள் பக்கம்தான். உளவியலாளர் மைக்கேல் ஸ்டீகரும் சகாக்களும் 2006இல் உருவாக்கிய பத்துக் கேள்வி அளவுகோல், அர்த்தம் இருப்பதையும் அதைத் தேடுவதையும் தனித்தனியாக அளக்கிறது. தேடாமலே நிறைவாக இருப்பவர்கள் உண்டு. அவர்களைத் தேடச் சொல்லி உலுக்க வேண்டாம். ஆனால் பசித்தவனிடம் பசியே மாயை என்று சொல்வதும் தகாது.

ஏர்முனை: முயற்சி?

வேண்டும். தெப்பத்திலும் துடுப்பு போடலாம். இந்த வாதத்தை இத்துடன் விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

புதுவழி: மூன்று நாளில் நோக்கத்தைக் கண்டுபிடித்துத் தரும் பயிற்சி முகாமில் சேரலாமா?

வேண்டாம். மூன்று நாளில் ஒருவருக்கு உங்கள் பெயர்தான் தெரியும்.

அடியேன்: கடவுளை அடைவதுதானே மனிதப் பிறவியின் நோக்கம்?

உங்களுக்கு அது விடை என்றால் நிறைவாக வாழுங்கள். அதைத் தீர்ப்பது என் துறை இல்லை. உங்கள் குருவிடம் கேளுங்கள்.

வட்டம்4: இகிகாய்...

தயவுசெய்து மேலே படியுங்கள். மூன்றாவது முறை.

சுவர்: வயது 22. ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. நண்பர்களிடம் பேசப் பிடிக்கவில்லை. நான் இல்லாவிட்டாலும் எதுவும் மாறாது என்று தோன்றுகிறது. என் நோக்கம் என்ன என்று தெரிந்தால் சரியாகிவிடுமா?

கண்ணா, நோக்கத்தை இப்போது தேட வேண்டாம். தொடக்கத்தில் நான் சொன்னது உங்களுக்காகத்தான். இது நோயின் குரல். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. இதே வாக்கியத்தோடு வந்து குணமாகிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போதே வீட்டில் ஒருவரை எழுப்பி, எனக்கு எழுதிய இந்த நான்கு வரியை அப்படியே படித்துக் காட்டுங்கள். இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். விடிந்ததும் அவரோடு மனநல மருத்துவரிடம் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் நெருக்கினால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

யாரை எழுப்பினீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். அது வரும்வரை மற்றக் கேள்விகளை எடுக்கப்போவதில்லை.