லைக் குவிகிறது, ஆர்டர் வரவில்லை!

கேள்வி: பாக்குமட்டைத் தட்டுகளை முகநூலில் விற்கிறேன். "இயற்கையைக் காப்போம்" என்று பதிவு போட்டால் லைக் குவிகிறது. ஆர்டர் மட்டும் வருவதில்லை. ஏன்?
– வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: லைக் போடக் காசு வேண்டாமே, அம்மா! மொரிஷியஸில் 15 ஜனவரி 2021 முதலே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டுக்குத் தடை. ஆகவே உங்களுக்குப் போட்டி காகிதத் தட்டும் கரும்புச் சக்கைத் தட்டும்தான். "பிளாஸ்டிக் இல்லை" என்று அவற்றை விற்பவர்களும்தானே சொல்கிறார்கள்?

கடையில் தட்டைத் தட்டிப் பார்த்து வாங்கலாம், ஆன்லைனில் முடியாது. "ரசம் ஊற்றினால் ஒழுகுமா?" என்ற சந்தேகத்திலேயே பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். சூடான ரசம் ஊற்றி, அரை மணி கழித்துத் தட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டும் வீடியோ போடுங்கள். விட்டம், ஆழம் சென்டிமீட்டரில் இருக்கட்டும். விலையைக் கட்டுக்கு மட்டும் சொல்லாமல், ஒரு தட்டுக்கு எத்தனை ரூபாய் என்றும் எழுதுங்கள். "100% இயற்கை" என்பதை யாரும் நம்புவதில்லை. "தானாக உதிர்ந்த மட்டை, கழுவி, சூட்டில் அழுத்தியது, பசையும் பூச்சும் இல்லை" என்றால் நம்புவார்கள். காவடிக்கு வாங்குபவருக்குத் தட்டு மறுநாள் வந்து என்ன பயன்? கடைசி ஆர்டர் தேதியை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

பிறர் செய்கிறார்கள் என்பதும் வாங்கத் தூண்டும். 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஹோட்டல் துண்டை மறுபடி பயன்படுத்தும்படி சுற்றுச்சூழலைச் சொல்லிக் கேட்டபோது சுமார் 35% பேர் இணங்கினார்கள். "பெரும்பாலான விருந்தினர் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றபோது சுமார் 44%. எனவே உங்கள் தட்டில் பந்தி நடந்த கல்யாண வீட்டின் படத்தை அனுமதி கேட்டுப் போடுங்கள். பொய்ப் படம் வேண்டாம், சின்னத் தீவு, சீக்கிரம் தெரிந்துவிடும்.

இன்னொன்று, பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் மட்டை சீக்கிரம் பூத்துவிடும். அப்படி ஒரு கட்டு போனால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஆறியபின், காற்றுப் புகாத உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கட்டுங்கள். சூடாக இருக்கும்போதே மூடினால் உள்ளே வேர்க்கும்.

கேள்வி: 'மக்கும்' என்று எழுதிய கப் தோட்டக் குழியில் மாதக்கணக்காக அப்படியே கிடக்கிறதே?
– வாசகர், காத்ர் போர்ன்

பதில்: அது பிஎல்ஏ எனும், தாவரத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக் கப்பாக இருக்கும். மக்க சுமார் 60 டிகிரி சூடு வேண்டும். வீட்டுக் குழியில் அவ்வளவு சூடு நிலைக்காது. 'இஎன் 13432' என்ற ஐரோப்பியத் தர முத்திரை தொழிற்சாலை உரக்கூடத்துக்கானது. அடுத்த முறை ஆன்லைனில் வாங்கும்போது, வீட்டுக் குழியிலேயே மக்கும் என்று காட்டும் 'ஓகே கம்போஸ்ட் ஹோம்' முத்திரை இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தெரியவில்லையென்றால் விற்பவரிடம் சான்றிதழ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.