தேயிலையைச் சுவைக்கும் முன் தராசை எடுங்கள்

கேள்வி: வீட்டில் ஆறு வகை உதிரித் தேயிலை வைத்திருக்கிறேன். அஸ்ஸாம் இரண்டு, டார்ஜிலிங், நீலகிரி, பச்சைத் தேயிலை, ஊலாங். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி ஒப்பிட்டுப் பார்த்தேன். பச்சைத் தேயிலை வாயில் வைக்க முடியாத கசப்பு. டார்ஜிலிங் சப்பென்று இருந்தது. அஸ்ஸாம் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மறுநாள் திரும்பச் செய்தால் எல்லாமே மாறிப்போனது. குறை என் நாக்கிலா, தேயிலையிலா?

பதில்: இரண்டிலும் இல்லை, ஸ்பூனில் இருக்கிறது. குருணை போன்ற சி.டி.சி. அஸ்ஸாம் ஒரு டீஸ்பூனில் 3 கிராமை நெருங்கும். முறுக்கிய நீள இலையாக வரும் டார்ஜிலிங் அதே ஸ்பூனில் ஒன்றரை கிராம் தேறினாலே பெரிது. பச்சைக்கும் கருப்புக்கும் இடைப்பட்ட ஊலாங், இறுக்கி உருட்டியது என்றால், பார்வைக்குக் கொஞ்சமாகத் தெரியும், எடையில் அஸ்ஸாமுக்குச் சளைக்காது. ஆக நீங்கள் ஒப்பிட்டது தேயிலைகளை அல்ல, கூடக் குறையப் போட்ட அளவுகளைத்தான். டார்ஜிலிங் சப்பென்று இருந்ததற்கு, பாதி அளவே போட்டதே போதுமான காரணம். மறுநாள் முடிவு மாறியதும் இதனால்தான். முதல் நாள் குவித்து அள்ளிய ஸ்பூன், மறுநாள் தலை தட்டி விழுந்திருக்கும்.

தேயிலைத் துறையில் இதற்கென்றே ஒரு தரவரையறை உண்டு. ஐ.எஸ்.ஓ. 3103 என்று பெயர், 1980இல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, அப்போதுதான் கொதித்த தண்ணீர், மூடி போட்டு 6 நிமிடம், வெள்ளைப் பீங்கான் பாத்திரம். இதற்கு அடிப்படையாக இருந்த பிரிட்டிஷ் தரவரையறை, டீ போடுவதை ஆறு பக்கத்துக்கு விளக்கியதற்காக 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல் என்ற கேலிப் பரிசையும் வாங்கியது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த ஆறு பக்கமும் ருசியாக டீ போடச் சொல்லித்தருவதற்கு எழுதியது அல்ல. யார் போட்டாலும், எங்கே போட்டாலும் ஒரே மாதிரி வரவேண்டும் என்பதற்காக எழுதியது. ஆறு நிமிடம் ஊறிய டிகாஷன் குடிக்கக் கடுமையாகவே இருக்கும். அந்தக் கடுமையில்தான் இலையின் குறைகள் ஒளிய இடமில்லாமல் வெளியே வரும்.

அளவும் தண்ணீரும்

தராசு 0.1 கிராம் வரை காட்ட வேண்டும். சாதாரணச் சமையலறைத் தராசு 2 கிராம் என்று காட்டும்போது உள்ளே ஒன்றரையும் இருக்கலாம், இரண்டரையும் இருக்கலாம். வேறு தராசு கிடைக்காவிட்டால் 300 மில்லிக்கு 6 கிராம் என்று பெரிய அளவில் போடுங்கள். அரை கிராம் பிசகு அங்கே அவ்வளவாக உறைக்காது. தராசு சரியாக இருந்தால் 150 மில்லிக்கு 3 கிராம் தாராளம். டப்பாவின் மேலாக இருப்பதை மட்டும் அள்ளாதீர்கள். தூள் அடியில் இறங்கிவிடும், மேலே பெரிய இலை நிற்கும். ஒரு கைப்பிடியைத் தட்டில் கொட்டி, மெல்லக் கலந்து, அதிலிருந்து எடுங்கள்.

தண்ணீர் எல்லாக் கோப்பைக்கும் ஒரே கெட்டிலிலிருந்து வரட்டும். உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீர் இருக்கும் வீட்டில் நல்ல தேயிலைகூட மங்கிப்போகும். டிகாஷன் மேல் எண்ணெய்ப் படலம் போல ஓர் ஆடை படியும். அது தேயிலையின் அழுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. தண்ணீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைப் பொருள்களோடு சேர்ந்து உண்டாக்குவது அது. அதற்காகக் காய்ச்சி வடித்த தண்ணீருக்கும் போகாதீர்கள், டீ உயிரில்லாமல் தட்டையாக இருக்கும். கொஞ்சமாகத் தாது உள்ள, வாசமற்ற குடிநீர் போதும். தண்ணீரை இரண்டாம் முறை கொதிக்கவைத்தால் ஆக்சிஜன் போய் டீ கெட்டுவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆக்சிஜனின் பெரும்பகுதி முதல் கொதியிலேயே போய்விடுகிறது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லாக் கோப்பைக்கும் ஒரே தண்ணீரா என்பதே முக்கியம்.

கோப்பைகள் ஒரே அளவு, ஒரே கனம், உள்ளே வெள்ளை. வெந்நீர் ஊற்றிக் கொட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஊற்ற முடியாது. முதல் கோப்பையில் ஊற்றி 30 விநாடி கழித்து இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று போங்கள். வடிக்கும்போதும் அதே வரிசை, அதே இடைவெளி. இதைச் சரியாகச் செய்யாவிட்டால் கடைசிக் கோப்பை இரண்டு நிமிடம் கூடுதலாக ஊறி, பாவம், முரட்டுத் தேயிலை என்ற பெயரைச் சம்பாதித்துக்கொள்ளும்.

யாரை யாரோடு உட்காரவைப்பது

பச்சைத் தேயிலையையும் அஸ்ஸாமையும் பக்கத்தில் வைத்தால் தெரியவருவது ஒன்றுதான்: இரண்டும் வேறு. அது முன்பே தெரியும். கருப்புத் தேயிலை நான்கும் ஒரு நாள். பச்சைத் தேயிலைக்கு இன்னொரு பச்சைத் தேயிலை, ஊலாங்குக்கு இன்னொரு ஊலாங் கிடைக்கும் நாளில் அவற்றுக்குத் தனி அமர்வு. நெருங்கிய சொந்தங்களைப் பக்கத்தில் வைக்கும்போதுதான் நாக்கு கூர்மையாகிறது. கருப்பிலும் இலையின் அளவைக் கவனியுங்கள். தூளும் குருணையும் இரண்டு மூன்று நிமிடத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும், முழு இலைக்கு ஐந்தாறு நிமிடம் வேண்டும். உறையில் போட்டிருக்கும் பி.ஓ.பி., ஓ.பி. போன்ற எழுத்துகள் முதன்மையாக இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்பவை. ருசிக்குக் கொடுத்த மதிப்பெண் என்று அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுவைக்கும் வரிசை மென்மையிலிருந்து திடத்துக்குப் போகட்டும். உங்களிடம் இருப்பதில் டார்ஜிலிங், நீலகிரி, பிறகு அஸ்ஸாம் இரண்டு. முடிந்ததும் வரிசையை மாற்றி இன்னொரு சுற்று வாருங்கள். அஸ்ஸாமின் துவர்ப்பு வாயில் தங்கி அடுத்ததை அமுக்கிவிடும் என்பதால் நடுவே வெதுவெதுப்பான தண்ணீரால் கொப்பளித்து ஒரு நிமிடம் விடுங்கள். பல் தேய்த்தவுடனும், காரமாகச் சாப்பிட்டவுடனும் இந்த வேலை வேண்டாம். ஒவ்வொரு வாயையும் துப்பிவிடுவதும் நல்லது. உலர்ந்த இலையில் காஃபீன் பொதுவாக 2 முதல் 4 சதவீதம். நாலு கோப்பையை இரண்டு சுற்று விழுங்கினால் அன்றைய தூக்கம் உங்கள் பொறுப்பு.

ஒரு கோப்பையைக் கிட்டத்தில் பார்ப்போம்

ஆறு நிமிடம் ஆனதும் டிகாஷனை வடித்துவிட்டு, சக்கையை ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பரப்புங்கள். பலர் தூக்கிப்போடும் இந்தச் சக்கைதான், உலர்ந்த இலை மறைத்ததையெல்லாம் சொல்லும். சூடு ஆறும் முன் மூக்கருகில் கொண்டுபோங்கள். மணம் உச்சத்தில் இருப்பது அந்த அரை நிமிடம்தான். நிறம் புதுச் செம்புக்காசு போல இருந்தால் நன்றாகப் பதப்பட்ட, அதாவது காற்றுப்பட்டுச் சரியாக நிறம் மாறிய, கருப்புத் தேயிலை. கரி போலக் கறுத்து, விரலால் நீவினாலும் விரியாமல் சுருண்டே கிடந்தால் உலர்த்தும்போது சூடு மிஞ்சியிருக்கிறது, டிகாஷனிலும் காந்தல் வாடை வரும். பாதி செம்பு, பாதி பச்சை என்று திட்டுத்திட்டாக இருந்தால் பதம் ஒரே சீராக ஏறவில்லை, அல்லது கலப்பு. இதில் ஒரு விலக்கு உண்டு. டார்ஜிலிங்கின் முதல் பறிப்பில், அதாவது வசந்த காலக் கொழுந்தில், சக்கை பச்சையாகவே தெரியும். அதை நன்றாக வாடவிட்டுச் செய்வதால் முழுப் பதம் ஏறுவதில்லை. கருப்புத் தேயிலை என்று விற்றாலும் அது அப்படித்தான் இருக்க வேண்டும், குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்து டிகாஷன். கோப்பை விளிம்பில் ஆரஞ்சுப் பளபளப்பு இருக்கிறதா, மங்கிய பழுப்பா என்று பாருங்கள். பளபளப்பும் சுறுசுறுப்பும் தியாஃபிளேவின் என்ற நிறமி தருவது, அடர்ந்த செம்பழுப்பும் வாயை நிறைக்கும் திடமும் பெரும்பாலும் தியாரூபிஜின் என்ற இன்னொரு நிறமி தருவது. ஆறியபின் அஸ்ஸாம் கலங்கிப் பால் கலந்தது போல ஆனால் பதற வேண்டாம். காஃபீனும் இந்தப் பொருள்களும் ஒன்றோடொன்று சேர்ந்து திரிவது அது. திடமான தேயிலைக்குரிய நல்ல அறிகுறி என்றே தொழில்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

வாயில் வைக்கும்போது நாக்கைச் சுடாத சூடு இருக்கட்டும். ஒரு ஸ்பூன் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று சத்தமாக உறிஞ்சுங்கள். மணம் வாய்க்குள்ளிருந்து மூக்கின் பின்பக்கமாக ஏற வேண்டும், ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். பிறகு நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இழுத்தால் அது துவர்ப்பு. துவர்ப்பு வேறு, கசப்பு வேறு. கசப்பு நாக்கில் தெரியும் சுவை. துவர்ப்பு, எச்சிலிலுள்ள புரதத்தைத் தேயிலைப் பொருள்கள் பிடித்துக்கொள்வதால் வரும் தொடுவுணர்வு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் ‘எல்லாம் ஒரே கசப்பு’ என்ற முடிவில் கொண்டுபோய் விடுகிறது. துவர்ப்பு சட்டென்று ஏறி, சில விநாடியில் விலகி, எச்சில் ஊறவைத்தால் அது நல்ல துவர்ப்பு. ‘பிரிஸ்க்’ என்று சுவைப்பவர்கள் சொல்வது இதைத்தான். ஒட்டிக்கொண்டு வாயை உலரவைத்தால் முரட்டுத் துவர்ப்பு. துவர்ப்பும் இல்லை, கசப்பும் இல்லை, வெறும் சாயத் தண்ணீர் என்றால் பெரும்பாலும் பழசு, அல்லது ஈரம் பட்டது. பக்கத்தில் மசாலா டப்பா இருந்ததா என்பதையும் தேயிலை ஒளிக்காமல் சொல்லிவிடும்.

கண்டதை உடனே எழுதிவிடுங்கள், ஆறியபின் இன்னொரு முறை சுவைத்துச் சேர்த்தெழுதுங்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்ற சொல்லுக்கு மட்டும் இடம் வேண்டாம்.

பச்சைத் தேயிலையின் கசப்பு

உங்கள் பச்சைத் தேயிலை கெட்டதாக இருக்க வேண்டியதில்லை. கொதிநீரில் கசப்பும் துவர்ப்பும் தரும் காட்டெக்கினும் காஃபீனும் வேகமாக இறங்குகின்றன, மென்மையான இனிப்பு அடியில் மாட்டிக்கொள்கிறது. 75 முதல் 80 டிகிரித் தண்ணீரில் 2 முதல் 3 நிமிடம் ஊறவையுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் 700 மில்லி கொதிநீரில் 300 மில்லி சாதாரணத் தண்ணீரைக் கலந்தால் ஏறக்குறைய 78 டிகிரிக்கு வந்துவிடும். நிழலில் வளர்க்கும் கியோகுரோ போன்றவற்றுக்கு இன்னும் தாழ்த்தி 50 முதல் 60 டிகிரி. ஊலாங் 90 முதல் 95 தாங்கும். உருட்டியது என்றால் ஒரே ஊறலில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். முதல் தடவை பந்து அவிழவே நேரம் போய்விடும், இரண்டாம் மூன்றாம் ஊறலில்தான் பேச ஆரம்பிக்கும்.

இரண்டு அஸ்ஸாமும் ஒன்றுதானா?

இதற்குப் பெயரை மறைத்துப் பார்க்க வேண்டும். மூன்று கோப்பைகள். இரண்டில் ஒரே தேயிலை, ஒன்றில் மற்றது. அடியில் குறி எழுதி இன்னொருவர் இடம் மாற்றி வைக்கட்டும். தனித்து நிற்பது எது என்பதை மட்டும் சொல்லுங்கள். சாயத்தின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஆறு சுற்று நடத்துங்கள், எது இரட்டை என்பதைச் சுற்றுக்குச் சுற்று மாற்றுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை புதிதாகப் போட்டால் சூடும் சீராக இருக்கும். குருட்டு யூகத்திலேயே ஆறில் இரண்டு சரியாக வரும், நான்கோ அதற்கு மேலோ வருவதற்கும் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்தோ ஆறோ அதிர்ஷ்டத்தால் வரும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. எனவே ஐந்து சரியாகச் சொன்னால் உங்கள் நாக்கு உண்மையாகவே பிரித்தறிகிறது. அதன்பின் என்ன வித்தியாசம் என்று எழுத உட்காரலாம்.

நான்கிலோ அதற்குக் கீழேயோ நின்றால், பால் விட்டுக் குடிப்பவராக இருந்தால், அதே சோதனையைப் பால் விட்டும் ஒரு முறை செய்யுங்கள். எல்லாக் கோப்பைக்கும் அளந்து ஒரே அளவு பால். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் துவர்ப்பை அடக்கிவிடும், திடமும் நிறமும் மட்டும் மிஞ்சும். ஒன்று பொன்னிறமாக எழும்பி, மற்றது சாம்பல் பூத்தது போல மங்கினால், கருப்பாகக் குடித்தபோது பிடிபடாத வித்தியாசம் அங்கே பிடிபட்டுவிடும்.