கணினி கேள்வி பதில்

கேள்வி: நேற்றுவரை நன்றாக இயங்கிய என் கேமிங் கணினியில், இன்று பவர் பொத்தானை அழுத்தினால் விசிறிகள் அரை நொடி சுழன்று நின்றுவிடுகின்றன. பவர் சப்ளையை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். விசிறி சுழன்று நிற்பதால், எங்கோ ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்டை உணர்ந்து சப்ளை தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்று கருதவும் இடமுண்டு. மின் இணைப்பைத் துண்டித்து, கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க், யூஎஸ்பி சாதனங்கள் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, பிராசசரும் அதன் விசிறியும் ஒரேயொரு ரேமும் மட்டும் உள்ள நிலையில் இயக்கிப் பாருங்கள்; இயங்கினால், ஒவ்வொன்றாக மீண்டும் பொருத்தும்போது எது சேர்ந்ததும் நிற்கிறதோ அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் நின்றால், மதர்போர்டுக்கு அடியில் திருகு ஏதேனும் விழுந்து கிடக்கிறதா என்று பார்த்த பிறகு, நண்பரின் சப்ளையைக் கடன் வாங்கி, அதன் கேபிள்களுடனேயே சோதியுங்கள். பழைய சப்ளையை மட்டும் திறக்க வேண்டாம்: உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.