சுவரைக் கேட்டுத் துளையிடுங்கள்

திருநெல்வேலியில் ஹார்டுவேர் கடை நடத்தும் நம் ‘அண்ணாச்சி’ இந்த இதழில் சுவர், மரம், திருகாணி பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணாச்சி, குளியலறையில் 25 லிட்டர் வாட்டர் ஹீட்டர் மாட்ட வேண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவர். மாட்ட வந்த பையன், துளைக்குள் செருகித் திருகாணி முடுக்கும் பிளாஸ்டிக் பிளக் போதும் என்கிறான். என் கணவர் ஆங்கர் போல்ட்தான் வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?
*(வாசகி, பாளையங்கோட்டை)*

பதில்: உங்கள் கணவரின் கவலை நியாயமானது அம்மா. ஆனால் அவர் கேட்கும் பொருள் இந்தச் சுவருக்கு ஒத்துவராது. தண்ணீர் மட்டுமே 25 கிலோ. தொட்டியும் உறையும் சேர்ந்தால் 35 கிலோவை நெருங்கும். ஆங்கர் போல்ட்டின் நட்டை முடுக்க முடுக்க, அதன் அடியிலுள்ள கூம்பு மேலேறிச் சுற்றியிருக்கும் இரும்பு உறையை விரிக்கும். விரிந்த உறை துளையின் பக்கங்களை நெம்பும். கான்கிரீட் அந்த நெம்பலைத் தாங்கும். நாட்டுச் செங்கல் விண்டுவிடும். நன்றாக இறுகிக்கொண்டே வந்த ஸ்பேனர் திடீரென்று லேசாகச் சுற்றினால், உள்ளே கல் பிளந்துவிட்டது என்று பொருள்.

10 எம்எம் தடிமனில், 80 எம்எம் நீளத்தில் நல்ல நைலான் பிளக் வாங்குங்கள். பையன் சொன்னது பாதி சரி. எந்தப் பிளாஸ்டிக், எத்தனை ஆழம் என்பதை அவன் சொல்லவில்லை. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த மலிவான பிளக்கை நகத்தால் அழுத்தினாலே பிதுங்கும். அது நாள்காட்டி மாட்டத்தான் ஆகும்.

துளையிடும்போது பக்கத்தில் நின்று, கொட்டும் பொடியைப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் வருவது பூச்சு. 12 முதல் 15 எம்எம் வரை அப்படியே வரும். பிறகு சிவப்பாக வந்தால் செங்கல். கடைசிவரை சாம்பலாகவே வந்தால், டிரில் பிட் இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள கலவைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்தச் சொல்லி இரண்டு அங்குலம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பிளக்கின் முழு நீளமும் சிவப்புக்குள் இருக்க வேண்டும். பூச்சுக்குள் இருக்கும் பாகம் ஒரு கிலோவைக்கூடத் தாங்காது. சுவரின் மறுபக்கம் நடையோ கொல்லையோ என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. முழுச் சுவரையும் துளைத்து, மரை போட்ட கம்பியைச் செலுத்தி, வெளியே மூன்று அங்குலச் சதுரத் தகடு வைத்து நட்டால் இறுக்குங்கள். என் வீட்டுச் சுவரென்றால் நான் அதைத்தான் செய்வேன்.

கேள்வி: புது வீட்டு ஹாலில் கான்கிரீட் கூரையில் ஊஞ்சல் போட ஆசை. ஆங்கர் கொக்கி ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்கும் என்று கடையில் சொன்னார்கள். பேரப்பிள்ளைகள் ஆடுவார்கள். போடலாமா?
*(வாசகர், தென்காசி)*

பதில்: போடாதீர்கள் ஐயா. கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த 500 கிலோ, நல்ல கான்கிரீட்டில் பதித்து ஆடாமல் அசையாமல் இழுத்துப் பார்த்த கணக்கு. ஊஞ்சல் ஆடும். நேர்க்கோட்டிலிருந்து 30 பாகை வரை ஆடினால், அது கீழே வரும் கணத்தில் சங்கிலியில் விழும் இழுப்பு எடையைப்போல ஒன்றேகால் மடங்கு. பிள்ளைகள் உந்தி உந்தி 60 பாகைக்குப் போனால் சரியாக இரண்டு மடங்கு. பலகையோடு 150 கிலோ என்றால் கூரைக்கு 300 கிலோ. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை, மாலை முழுவதும் இப்படித்தான். இந்த ஆட்டத்தில் விரிந்து பிடித்த உறை கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

இன்னொன்றும் இருக்கிறது. கூரைத் தளத்தின் நடுப்பகுதியில் அடிப்பக்கம் எப்போதும் இழுவிசையில் இருக்கும். அங்கே கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் இருப்பது இயல்பு. உள்ளே கம்பி இருப்பதால் வீட்டுக்கு ஆபத்தில்லை. ஆனால் சாதாரண ஆங்கர் அந்த வெடிப்பில் அகப்பட்டால் பிடி பாதியாகக்கூடக் குறையலாம். நாம் ஊஞ்சல் போட நினைப்பதோ ஹாலின் நட்டநடுவில்.

“கெமிக்கல் ஊற்றி ஒட்டிவிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். நல்ல பசைதான், பக்கவாட்டுச் சுமைக்கு நானே விற்கிறேன். ஆனால் தலைக்கு மேல் நிரந்தரமாகத் தொங்கும் சுமைக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. 2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கூரைக் கான்கிரீட் பலகைகள் சரிந்து ஒரு கார்மேல் விழுந்தன. காரில் இருந்த பெண் இறந்துபோனார். பலகைகளைத் தாங்கிய ஆங்கர்கள் எபாக்ஸி பசையால் பதிக்கப்பட்டவை. இடைவிடாத சுமையில் அந்த வகைப் பசை மெல்ல மெல்ல இளகி நீண்டு, ஆங்கர்கள் நழுவியதாக விசாரணையில் தெரிந்தது. பொறியாளர்கள் கட்டிய சாலையிலேயே அப்படி.

கான்கிரீட் போடுவதற்கு முன்பு கேட்டிருந்தால், 16 எம்எம் கம்பியைக் கொக்கியாக வளைத்துப் பீமின் கம்பிகளுக்கு மேலே கோத்துக் கட்டச் சொல்லியிருப்பேன். வீடு கட்டும் மற்ற வாசகர்கள் அதை இப்போதே மேஸ்திரியிடம் சொல்லிவையுங்கள். உங்களுக்கு இரண்டு வழிதான். கட்டடப் பொறியாளரை அழைத்து, தளக் கம்பி வெட்டுப்படாத இடம் பார்த்து, மொட்டைமாடி வரை முழுத் துளை போட்டு, மேலே தகடும் இரட்டை நட்டும் வைத்து, மழைநீர் இறங்காமல் பூசுவது ஒன்று. இல்லையென்றால் தரையில் நிற்கும் சட்ட ஊஞ்சல் வாங்கிவிடுவது. பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே சந்தோஷம்தான்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் சுவர் வெள்ளையான, லேசான பிளாக் கல். டிவியை இழுத்துத் திருப்பும் கை மாட்ட வேண்டும். திருகாணியை முடுக்கினால் பிளக்கும் சேர்ந்து சுற்றுகிறது.
*(வாசகர், சென்னை)*

பதில்: அது ஏஏசி பிளாக், அதாவது காற்றேற்றிய கான்கிரீட் கல். உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழிகள். டிரில்லில் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளையிடுங்கள். அடி விழுந்தால் துளை பொடிந்து அகலமாகிவிடும். அந்தக் கல்லுக்கென்றே நீளமாக, அகலமான மரையோடு வரும் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் நீட்டும் கை வேறு கணக்கு. டிவி 15 கிலோ, சுவரிலிருந்து 50 செ.மீ. இழுத்துவிட்டீர்கள், மேல் திருகாணிக்கும் கீழ்த் திருகாணிக்கும் 20 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். மேலே இருப்பதைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை ஏறத்தாழ 37 கிலோ. முடிந்தால் கான்கிரீட் தூண் இருக்கும் இடத்துக்கு டிவியை மாற்றுங்கள். முடியாவிட்டால் சுவரோடு ஒட்டி நிற்கும் பட்டை போதும்.

கேள்வி: தச்சு பழகுகிறேன் அண்ணாச்சி. வேங்கைச் சட்டத்தில் 10 எம்எம் கோச் ஸ்க்ரூ (ஸ்பேனரால் முடுக்கும் தடித்த மரத் திருகாணி) இறக்கும்போது தலை முறிந்துவிட்டது. திருகாணி மட்டமா?
*(வாசகர், செங்கோட்டை)*

பதில்: திருகாணியைக் குறை சொல்ல முடியாது தம்பி. வேங்கை கெட்டி மரம். அதற்கு இரண்டு துளை வேண்டும். மரை இல்லாத மேல்பகுதிக்கு 10 எம்எம். மரை இறங்கும் கீழ்ப்பகுதிக்கு 7 எம்எம். மரையில் துணி சோப்பைத் தேய்த்து, வாஷர் போட்டு, ஸ்பேனரால் இறக்கு. பாதி வரை சுத்தியலால் அடித்துவிட்டு மீதியைத் திருகும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அடித்த பகுதியில் நார் அறுந்துபோகும். மரைக்குப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. மரத்தின் வெட்டுமுனையில் நார் போகும் திசையிலேயே இறக்கினாலும் பிடி வெகுவாகக் குறையும். கூடியவரை நாருக்குக் குறுக்கே இறக்கு.

ஜிப்சம் பலகை மாட்டும் கறுப்பு நிறத் திருகாணியைப் பாரம் தாங்கும் இடத்தில் போடவே போடாதே. அது கடினமானது, ஆனால் நொறுங்கும் குணம். வளைந்து எச்சரிக்காமல் பட்டென்று போய்விடும். பித்தளைத் திருகாணி போட வேண்டிய கதவென்றால், அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் இறக்கி எடுத்துவிட்டு, அந்த வழியில் பித்தளையைப் போடு.

கேள்வி: மொட்டைமாடியில் கொடி கட்டிய கொக்கிகள் சீக்கிரமே துருப்பிடித்துத் துணியில் கறை படிகிறது. வீடு கடற்கரை ஓரம்.
*(வாசகி, தூத்துக்குடி)*

பதில்: பளபளவென்று நாகமுலாம் பூசியவை உப்புக் காற்றுக்கு நிற்காது. 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள். 304 உங்கள் ஊருக்குப் போதாது. கடையில் காந்தம் வைத்துக் காட்டினால் நம்பாதீர்கள், இரண்டுமே காந்தத்தை அவ்வளவாக இழுக்காது. போல்ட்டின் தலையைப் பாருங்கள்: ஏ4 என்று பொறித்திருந்தால் 316 வகை, ஏ2 என்றால் 304 வகை. நட்டைப் போடும் முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். இந்த எஃகு வறட்டு மரையில் கவ்விக்கொண்டால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.