ஆர்ம்64-இல் முதல் தொடுகையிலேயே ஃபால்ட் வருவது

ஆர்ம்64-இல் பேஜ் டேபிள் (நினைவக முகவரிகளை மாற்றித் தரும் அட்டவணை) பதிவை எழுதும்போதே 10-ஆம் பிட்டை, அதாவது பக்கம் தொடப்பட்டதைக் குறிக்கும் ஆக்சஸ் ஃப்ளாக்கை, 1 ஆக்கிவிடுங்கள். எக்ஸ்86-64-இல் நன்றாக ஓடிய உங்கள் கர்னல் ஆர்ம்64-இல் பக்கத்தைத் தொட்டதுமே விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எக்ஸ்86-இல் ஆக்சஸ்டு பிட்டை (5-ஆம் பிட்) ப்ராசசரே போட்டுக்கொள்ளும். ஆர்மில் ஆக்சஸ் ஃப்ளாக் 0 என்றால் ஃபால்ட்தான் (அணுகல் பிழை).

உறுதி செய்ய, ஃபால்ட்டின் காரணத்தைச் சொல்லும் இஎஸ்ஆர்_இஎல்1 ரிஜிஸ்டரின் கடைசி 6 பிட்டைப் பதின்ம எண்ணாக அச்சிடுங்கள்:

1. 11 வந்தால் ஆக்சஸ் ஃப்ளாக்.
2. 15 வந்தால் அனுமதிச் சிக்கல். எக்ஸ்86-இல் பேஜ் டேபிள் பதிவின் 1-ஆம் பிட் 1 என்றால் எழுதலாம்; ஆர்மில் 7-ஆம் பிட் 1 என்றால் எழுதவே முடியாது. அர்த்தம் அப்படியே தலைகீழ். போர்ட் செய்யும் (கர்னலை வேறு ப்ராசசருக்கு மாற்றும்) எல்லோரும் இங்கே ஒருமுறையாவது இடறுவார்கள்.
3. 7 வந்தால் பதிவே செல்லாதது.

இவை மூன்றும் கடைசி மட்டமான 4 கேபி பக்கத்துக்கான எண்கள். பெரிய பிளாக் (ஒரே பதிவு காட்டும் பெரிய நினைவகப் பகுதி) என்றால் மாறும்.

ஒரு எச்சரிக்கை: ஆர்ம்வி8.1 முதல் இந்த ஃப்ளாக்கை ஹார்டுவேரே போடும் வசதி உண்டு, ஆனால் அது விருப்பத்தேர்வு. முகவரி மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் டிசிஆர்_இஎல்1 ரிஜிஸ்டரில் இயக்கினால்தான் வேலை செய்யும். அதை நம்பி எழுதாதீர்கள். அப்புறம் ரிஸ்க்-வி (இன்னொரு ப்ராசசர் வகை) பக்கம் போனால் 6, 7-ஆம் பிட்டுகளையும் (தொடப்பட்டது, எழுதப்பட்டது என்பதைக் குறிப்பவை) முன்கூட்டியே போடுங்கள். சில சிப்கள் அங்கேயும் ஃபால்ட் தரும்.