மருந்து விற்பனைப் பிரதிநிதிக்கு விடுப்பு கிடையாதா?

கேள்வி: மும்பை முலுண்டில் ஏழு ஆண்டுகளாக மருந்து நிறுவனப் பிரதிநிதியாக இருக்கிறேன். பதவியின் பெயர் ‘ஏரியா எக்ஸிகியூட்டிவ்’. ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங், இரவு 11 மணிக்கும் டி.சி.ஆர். (அன்றைய சந்திப்புகள் பற்றிய தினசரி அறிக்கை) கேட்கிறார்கள். நிர்வாகப் பதவி என்று சொல்லி விடுப்பை மறுக்கிறார்கள். ராஜினாமா கொடுத்தால் பெரிய தொகை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவர் பேச்சைக் கேட்டு எதிலும் கையெழுத்திடாதீர்கள். விற்பனைப் பிரதிநிதிகளுக்கென 1976-இல் வந்த சட்டம் தந்த விடுப்பு உரிமை, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. பதினொரு மாதம் வேலை பார்த்தால் ஒரு மாதம் முழுச் சம்பள விடுப்பு. மருத்துவச் சான்றிதழ் இருந்தால் பதினெட்டு மாதப் பணிக்கு ஒரு மாதம் அரைச் சம்பள விடுப்பு. எழுதிக் கேட்டால்தான் கேட்டதற்குச் சான்று இருக்கும் என்பதால், வாய்மொழியாகக் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

உண்மையான நிர்வாகப் பணியில் இருப்பவருக்கு இந்த உரிமை இல்லை என்பது சரியே. ஆனால் அதைத் தீர்மானிப்பது விசிட்டிங் கார்டு அல்ல, நீங்கள் நாள்தோறும் செய்யும் வேலை. பிறருக்கு விடுப்பு அனுமதிக்கிறீர்களா, ஆள் எடுக்கிறீர்களா, ஒருவர்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டா? காலையில் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களையும் ஸ்டாக்கிஸ்டையும் (மருந்து மொத்த விற்பனையாளர்) பார்ப்பதே வேலை என்றால், எந்தப் பெயர் சூட்டினாலும் நீங்கள் பிரதிநிதிதான். பெயரை மாற்றி உரிமையைப் பறிக்கும் இந்த வழக்கத்தை அதிகாரிகள் இத்தனை ஆண்டுகளாகக் கண்டுகொள்ளாமல் இருப்பது பொறுக்க முடியாதது.

அந்த இடைத்தரகர் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து ஆண்டு முடித்தவருக்குக் கிராஜுவிட்டி சட்டப்படி உரியது, பி.எஃப். ஏற்கெனவே உங்கள் கணக்கில் இருக்கிறது. இவ்விரண்டையும் தான் பேசி வாங்கித் தந்ததாகச் சொல்லிப் பங்கு கேட்பதே இவர்கள் பிழைப்பு. ராஜினாமா கொடுத்த பிறகு, அதை மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அச்சிட்ட ஃபுல் அண்ட் ஃபைனல் (இறுதிக் கணக்குத் தீர்வு) தாளில் கையெழுத்திட்டாலும் இதே சிக்கல்தான்.

நியமனக் கடிதம், டூர் புரோகிராம், இரவில் வந்த வாட்ஸ்அப் உத்தரவுகள் ஆகியவற்றைச் சொந்த மின்னஞ்சலில் சேமித்துவைத்து, விடுப்பை மின்னஞ்சலிலேயே கேளுங்கள். மறுத்தால், பிரதிநிதிகள் சங்கத்தின் துணையுடன் பாந்த்ரா குர்லா வளாகத்திலுள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகமான காம்கார் பவனில் புகார் கொடுங்கள். அங்கே தேதிமேல் தேதி கொடுத்து அலைய வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.